கத்திரியைத் தொடாதே

...தூக்கக் கலக்கம் இல்லை, கண்ணாடியும் போட்டுத்தான் இருந்தேன், துணிதான் வழுக்குகிற ரகம், அதனால்தான் கத்திரி நழுவியது, அதற்கு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? வலது கை மரத்துப்போனது உண்மை, வேறு யாருடைய கையையோ என் தோளில் தைத்துவிட்டது போல... சட்டை தைத்தாயிற்றா என்று கேட்க வந்த டீச்சரிடம் நாளைக்கு வாங்க என்றுதான் சொன்னேன், வெளியே வந்தது என்னவோ கொழகொழவென்று. "வாயில என்னக்கா வெச்சிருக்கீங்க?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடியில் பார்த்தால் உதட்டின் ஒரு ஓரம் தையல் விட்டுத் தொங்கியது. எவ்வளவு தொங்குகிறது என்று அளக்க டேப்பைத் தேடி எடுப்பதற்குள் கைக்கு உயிர் வந்தது, நாக்கும் திரும்பியது, ஒன்று இரண்டு மூன்று என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் பிசகவில்லை. வயசாச்சு என்று எவளாவது சொல்லட்டும் பார்க்கலாம். வந்தது, போனது. ஒரு தூறலுக்கு யாராவது கடையை மூடுவார்களா?

பட்டன் வாங்கப் போன மகள் திரும்பி வந்தாள், வந்ததும் கண் வெட்டுமேசைக்குத்தான் போகும், என் பெண்ணாயிற்றே. "என்னம்மா இது, சட்டைக்கு ரெண்டு கையும் இடப்பக்கமாவே வெட்டி வெச்சிருக்கே?" ஒரு கையை வெட்டியதும் அளவு அட்டையைத் திருப்பிப் போட வேண்டும், தொழில் பழக வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு, நானா செய்தேன், எப்போது? "டீச்சருக்கு உடம்பே அப்படித்தான்டி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நீ சிரி, பாக்கலாம். ரெண்டு கையையும் தூக்கு." கூரையை இடிப்பவள் போலத் தூக்கினேன். "அப்பாவுக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போயிருந்தாலும் இப்பவே டாக்டர்கிட்ட காட்டணும்மா." "அதான் சரியாப் போச்சே, விடுடி..."

சரியாப் போச்சே. இது யார் குரல்? கையிலிருந்து டம்ளர் நழுவிய அன்று இவள் அப்பா சொன்னது, ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று நான் கத்தக் கத்தச் சொன்னது, அந்த வாரமே பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்தார், அதன்பிறகு அந்த வாயில் என் பெயர் வரவேயில்லை. பிடிவாதத்தில் நான் அவருக்கு இளைத்தவளா? இருக்கட்டும், ஆனால் படுத்துக்கிடந்து யாரோ எனக்கு ஊட்டிவிடுவதா, மாட்டேன், மாட்டவே மாட்டேன், அதற்காகவே போகிறேன்.

"வண்டியைக் கூப்பிடு. என் கத்திரியை மட்டும் தொடாதே, நான் வந்துதான் வெட்டுவேன்." டிராயரில் வைத்துப் பூட்டினேன், சாவியைப் பைக்குள் போட்டேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது, கத்திரியை எடுத்தது, பூட்டியது, இதோ மகளின் தோளைப் பிடித்திருப்பது, எல்லாமே இடது கைதான்... வலது கையை நம்பாதே என்று நான் சொல்லவில்லையே, அதற்கு எப்படித் தெரிந்தது?