அறுபது தட்டுகள்

பிள்ளைகள் பொருத்தி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகளில் பெரியது எதையாவது போடில் என்பவள் இனம் பிரித்து அதற்குரிய இடத்தில் வைத்தால், மறுநாள் காலைக்குள் அதன் மேற்பரப்பில் கூடுதலாக ஒரு குமிழ் வரிசை வளர்ந்திருக்கும். இது 1998ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கியது. அந்த மாதம் எங்கள் ஊரான வெஸ்டர்ஹேடவில் பன்றிக்கறி விலை இறங்கியது, தேவாலயத்தின் வடக்குப் பக்க ஓடுகளைக் காற்று கொண்டுபோனது, மற்றக் கட்டைகளைப் பொருத்துகிற போடிலின் பச்சை அடித்தட்டு ஒன்றில் முப்பத்திரண்டு வரிசையாக இருக்க வேண்டிய குமிழ்கள் முப்பத்து மூன்றாக இருந்தன. அவள் மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு கணவன் வெர்னரைக் கூப்பிட்டாள். அவன் ஈரல் விழுது தடவிய ரொட்டியோடு வந்து, தானும் ஒருமுறை எண்ணிவிட்டு, "காசு குடுத்தது முப்பத்திரண்டுக்கு. லாபம்தான்" என்று சொல்லி ரொட்டியைத் தின்னப் போய்விட்டான்.

ஜட்லாண்டின் இந்தப் பக்கத்தில் பிளாஸ்டிக் கட்டை இல்லாத வீடு கிடையாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வாளியில் கிடக்கும், பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் பரணில் கிடக்கும். போடிலுக்கும் வெர்னருக்கும் பிள்ளைகள் இல்லை, அவர்கள் வீட்டில் அது எல்லா இடத்திலும் இருந்தது. வெர்னர் பால் லாரி ஓட்டினான். போகிற வழியில் இருந்த பழைய சாமான் சந்தை ஒன்றையும் அவன் விட்டதில்லை. வாங்குவதும் கட்டுவதும் அவன் வேலை. கட்டியதைக் கலைத்து இனம் பிரித்து அடுக்குவது அவள் வேலை. அவர்களுடைய கல்யாணம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது, சண்டையில்லாமல் ஓடியது. சின்னக் கட்டைகளால் ஒரு தொல்லையும் வரவில்லை. ஆணி, திருகு போட்டு வைக்கிற இழுப்பறைகளில் அவை அடங்கி ஒடுங்கிக் கிடந்தன. கோட்டைச் சுவர்கள், படகின் அடிப்பாகங்கள், உள்ளீடற்ற சாம்பல் நிறப் பாறைகள், அகலத் தட்டுகள் எல்லாம் எந்த இழுப்பறைக்கும் அடங்காதவை. இந்தக் கட்டைகளைச் சேர்க்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள், பெரியதை எங்கே வைப்பது என்று கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். போடில் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை. கீழ்த்தளத்தில் தோட்டத்தைப் பார்த்த அறையை அவற்றுக்கென்று ஒதுக்கினாள்.

முதலில் நிறப்படி அடுக்கினாள். கறுப்புக் குவியலில் கறுப்பைத் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுபோல் இருந்ததால் கலைத்து உருவப்படி அடுக்கினாள். பிறகு உயரப்படி, பிறகு வாங்கிய ஆண்டுப்படி. வருடத்துக்கு ஆறேழு முறை இது நடந்தது, ஒவ்வொரு முறையும் எல்லாம் ஒரு வரிசை வளர்ந்தன. வெர்னர் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் மேசையில் கிடந்தவை வளரவில்லை என்பதை இரண்டாவது வருடமே இருவரும் கண்டுகொண்டார்கள். கை படுவதால் அல்ல, ஒழுங்குபடுத்துவதால்தான் வளர்கிறது என்று ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. நகராட்சி வெளியிடும் வாரப் பத்திரிகையில் உருளைக்கிழங்குப் போட்டி முடிவுகளுக்குக் கீழே நான்கு வரி வந்தது. தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஒரு தட்டு தன் இனத்தில் போய்ச் சேரும்போது அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சரியாக உட்கார்ந்தது. அந்த நிம்மதி அவளுக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. பதினாறு வருடத்தில் தட்டுகள் சாப்பாட்டு மேசை அளவுக்கு வந்திருந்தன, பாறைகளில் ஆள் ஏறி உட்காரலாம். அப்போதும் அறைக் கதவைச் சாத்திவிட்டால் வீடு வீடாகத்தான் இருந்தது.

2014 செப்டம்பரில் வெர்னருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் ஒரு மாதத்தில் திரும்பியது. படுக்கையறை மாடியில், படியோ ஏணிபோல் செங்குத்து. வரவேற்பறையின் நடுவில்தான் அந்தப் படி இறங்கியது, அங்கே நாற்காலி போடுவதே கஷ்டம். நகராட்சியிலிருந்து பெர்னில் என்ற பெண் அளவு நாடாவோடு வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று போட வேண்டும், அதன் இரண்டு பக்கமும் தொண்ணூறு சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் அவனைத் தூக்கி உட்காரவைக்க வருகிற பெண்களின் முதுகு போய்விடும், நகராட்சி யாரையும் அனுப்பாது. அந்த அளவு இருந்த ஒரே இடம் கட்டைகள் இருந்த அறைதான்.

பெர்னில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்தினாள். "போடில், நான் ஆறு வாரம் தரலாம். அதுக்கு மேல என் கையில இல்ல. அன்னிக்கு இடம் இருந்தா வெர்னர் ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வீட்டுக்கு. இல்லன்னா ஸ்கோவ்பியூ முதியோர் இல்லத்துல ஒரு அறை காலியா இருக்கு."

"அங்க எல்லாம் அவன் போக மாட்டான்" என்றாள் போடில்.

"அவரா போறதுக்குக் கால் வேணும்ல" என்றாள் பெர்னில். அவள் கெட்டவள் அல்ல. சொன்ன பிறகு முகம் சிவந்துபோய் இன்னொரு கோப்பை காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி வெர்னர் ஒரே ஒரு யோசனை சொன்னான். "இனம் கினம் பாக்காத. அப்படியே அள்ளி ஜன்னல் வழியா வெளிய எறி. மழையில நனையட்டும், நாய் மூத்திரம் பேயட்டும். நான் வீட்டுக்கு வந்தாப் போதும்."

"சரி" என்றாள் அவள். அதை மனதாரத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஒரு பாறையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அது ஒரு படகின் மேல் சாய்ந்து கிடந்தது. பாறை பாறையோடு கிடக்கலாம், படகோடு கிடக்கலாமா? அவள் வெளியே போய் அதை நகர்த்தி வைத்தாள். அடுத்த நாள் பாறைகளுக்குத் தோட்டத்தில் ஒரு பக்கம், படகுகளுக்கு இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது. மூன்றாம் வாரம் கோட்டைச் சுவர்களை இனம் பிரித்தே கொட்டகைக்குக் கொண்டுபோனாள். பிரித்து அடுக்கியபடி காத்திருந்தவை வளர்ந்துகொண்டே இருந்ததால் முதலில் எடுத்தவை எளிதாக வந்தன, கடைசியில் எடுத்தவை ஜன்னல் சட்டத்தில் உரசி வந்தன. எழுபத்திரண்டு வயதில் தனி ஆளாக இதைச் செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. ஐந்து வாரமும் ஆறு நாளும் ஆனபோது அறையில் தட்டுகள் மட்டும் மிச்சம் இருந்தன, சரியாக அறுபது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெர்னில் வருவதாக இருந்தது.

அன்று மத்தியானம், போடிலும் உறுப்பினராக இருந்த கட்டை சேர்ப்போர் சங்கத்தின் தலைவர் ஃப்ளெமிங் இழுவண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரிடம் மாடு இல்லாத மாட்டுக்கொட்டகை ஒன்று இருந்தது, தன் கட்டைகளை அதில்தான் கொட்டி வைத்திருந்தார். "ஒரு மணி நேர வேல போடில். நான் உள்ளேர்ந்து தள்ளுறேன், நீ வெளிய நின்னு வாங்கு. எப்படி வருதோ அப்படி ஏத்துவோம்" என்றார்.

"உன் கொட்டகையில நீலமும் பச்சையும் ஒண்ணாப் புரண்டுகிட்டுக் கெடக்கு. என் தட்ட அந்த நரகத்துக்கு அனுப்ப மாட்டேன்."

"நாளைக்கு அந்தப் பொண்ணு வர்றா, ஞாபகம் இருக்கா?"

"எனக்கா ஞாபகம் இல்ல? போய்யா, போய் உன் நீலத்தத் தேடு."

ஃப்ளெமிங் தொப்பியைச் சரிசெய்துகொண்டு காலி வண்டியோடு திரும்பிப் போனார். அந்த வண்டி சாலை முனையில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சங்கத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒன்று சொல்லப்படும். ஒரே அளவுள்ள இரண்டு பெரிய தட்டுகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாதே. குமிழ்கள் குழிகளைப் பிடித்துக்கொண்டால் நகம் நுழைக்கக்கூட விளிம்பு கிடைக்காது, பிறகு அவை பிரியாது. இதை முப்பது வருடமாகப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் போடில்தான். ஊருக்குத்தான் உபதேசம். ஃப்ளெமிங் போன பிறகு அவள் முதல் தட்டை ஜன்னலோரத்து மூலையில் படுக்க வைத்தாள். அதன்மேல் இரண்டாவதை வைத்து, முழங்காலால் ஏறி அழுத்தினாள். ஒரே ஒரு சத்தம், பிறகு வழவழப்பு. அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சிவப்புக்கு மேல் சிவப்பு, பச்சைக்கு மேல் பச்சை என்று மாலை ஐந்து மணிக்குள் அறுபதும் ஒரே கட்டையாகி, இடுப்பளவு உயரத்தில் மூலையோடு மூலையாக நின்றன. அறையின் மீதி வெறும் தரை. அவள் அளவு நாடாவை எடுத்துக் கட்டிலுக்கு அளந்தாள், இரண்டு பக்கமும் அளந்தாள். தொண்ணூறுக்குத் தொண்ணூற்று நான்கு இருந்தது, இரவில் ஒரு வரிசை வளர்ந்தாலும் இடிக்காது. தரையைத் துடைத்து, வெர்னரின் தலைமாடு எங்கே வரும் என்று யோசித்து, அந்த இடத்துச் சுவரில் அவனுடைய கடிகாரத்தை மாட்டிவிட்டுப் படுக்கப் போனாள்.

எங்களுடையது பால் ஊர். வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அறுபது தட்டுகளும் ஒன்றாகிவிட்டதால், ஒவ்வொன்றின் வளர்ச்சியும் மற்ற எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. காலையில் ஒவ்வொரு தட்டும் அறுபது வரிசை வளர்ந்திருந்தது, அதற்கேற்பத் தடித்தும் இருந்தது. கட்டை தரையிலிருந்து கூரைவரை, ஜன்னலை முழுதாக மூடிக்கொண்டு, கதவுக்கு ஒரு கை தூரம்வரை வந்து நின்றது. கடிகாரம் அதற்குப் பின்னால் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. போடில் அழவில்லை. சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து அந்த ஒரு கை இடத்தில் போட்டு, ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தாள். பெர்னில் வந்து கதவருகே நின்று பார்த்தாள், நாடாவை வெளியே எடுக்கவே இல்லை.

தச்சர் ஒருவர் மின்ரம்பத்தோடு வந்து நாள் முழுக்க முயன்றார். சூட்டில் பிளாஸ்டிக் உருகி, ரம்பம் போன வழி ரம்பத்துக்குப் பின்னாலேயே மூடிக்கொண்டது. சாயங்காலம் அவர் கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

வெர்னர் ஸ்கோவ்பியூவுக்குப் போனான். பதினான்கு கிலோமீட்டர், பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். அவள் பார்க்கப் போகிற நாட்களில், ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு எந்தக் கார் நேற்றைய இடத்தில் இல்லை என்று மட்டும் சொன்னான். அடுத்த வசந்தத்தில் அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி, முந்தைய நாள் அண்டை வீட்டார் ஊசியிலைக் கிளைகளால் வாசலுக்கு வளைவு கட்ட வேண்டும். எந்த வாசலுக்கு என்று கூடிப் பேசினார்கள். ஆள் சாகவில்லையே, வீட்டு வாசலுக்குத்தான் என்று முடிவானது. காலை ஏழு மணிக்கு மூன்று பேர் குழல் ஊதினார்கள், கொடி ஏறியது. சக்கர நாற்காலி ஏற்றும் வண்டியில் வெர்னரை மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் காப்பியும் கசப்புச் சாராயமும் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் போடிலைக் கூப்பிட்டான்.

"அதக் காட்டு."

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். சக்கரம் வாசற்படியோடு நின்றுவிட்டது, அதற்குமேல் உள்ளே இடமில்லை. வெர்னர் இடது கையை நீட்டி, கட்டிவைத்த எதையும் சோதிக்கிற பழைய பழக்கத்தில், பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே நகத்தால் தடவிப் பார்த்தான். நகம் எங்கேயும் தட்டவில்லை. இன்னொரு இடத்தில் தடவினான்.

"மோசமில்ல" என்றான். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

"எறிஞ்சிருக்கணும் வெர்னர். நீ சொன்னப்பவே எறிஞ்சிருக்கணும்." என்றாள் அவள். "ஒரே ஒரு நாள் கண்ண மூடிக்கிட்டு எறிஞ்சிருந்தா நீ இங்க படுத்திருப்ப. எனக்கு முடியல. உனக்காகக்கூட முடியல."

"தெரியும்" என்றான் அவன். "ஆஸ்பத்திரியில நீ சரின்னு சொன்னப்பவே தெரியும்."

அவள் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பக்கத்து அறையில் யாரோ வேண்டுமென்றே சத்தமாகக் கோப்பைகளை அடுக்கினார்கள். பதினொன்றரைக்கு ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். வெர்னரை வளைவுக்கு அடியில் தள்ளிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் நகராட்சி எல்லா வீடுகளையும் புதிதாக அளந்தது. போடில் வீட்டுக்கு வந்த இளைஞன் அந்தக் கட்டையைத் தட்டிப் பார்த்தான், சுற்றிலும் விளிம்பு தேடினான். எங்கும் இடைவெளி கிடைக்காததால், விதிப்படி அது சுவர் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டான். ஜட்லாண்டில் அதைவிடத் தடித்த சுவர் இரண்டு பழைய தேவாலயங்களில் மட்டும்தான் இருந்தது, அதையும் மரியாதையாக அவளிடம் சொன்னான். வசிக்கும் பரப்பு குறைந்ததால் அந்த வீடு ஒருவர் வசிப்பதற்கானது என்ற வகைக்கு மாற்றப்பட்டது. போடில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு மணிப் பேருந்துக்குக் கிளம்பினாள்.