எண்பத்தைந்துக்கு மேலா, கீழா

விலை அதிகமென்றால் ‘யானை விலை, குதிரை விலை’ என்று வாயைப் பிளப்பார்கள். அந்தக் குதிரை விலைதான் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. நம் குதிரைவண்டிக்காரருக்கும் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் தன் குதிரை ஈன்ற முதல் குட்டியை விற்றார். வாங்கியவன் அடுத்த வாரமே அதை இரண்டு மடங்குக்கு விற்றுவிட்டான். அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் ‘பாதிவிலை’. ஒருநாள் மனைவியே வாய் தவறி, “பாதிவிலை, சாப்பிட வாங்க” என்றுவிட்டாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது இரண்டாவது குட்டி. இரண்டு வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம். லாயத்தில் இரண்டு குதிரைக்குத்தான் இடம். தாய்க்குதிரை அடுத்த மாதம் மறுபடி ஈனப் போகிறது. குட்டியை விற்றே ஆக வேண்டும், இன்னொரு முறை ஊர் சிரிக்கவும் கூடாது.

லாடம் அடிப்பவர் அறுபதாயிரம் என்றார். மச்சான் ஒன்றரை லட்சம் என்றார். அவர் பையிலிருந்தா போகிறது? கால்நடை மருத்துவர், “வாங்குறவர் குடுக்கிறதுதான் விலை” என்று சொல்லிவிட்டு, தன் ஊசிக்கு மட்டும் துல்லியமாக ஒரு விலை சொன்னார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

விலை தெரிய வேண்டுமானால் விற்கப் போகக் கூடாது, வாங்கப் போக வேண்டும் என்று கடைசியில் அவருக்கு உதித்தது. ஊருக்கு வெளியே செங்கல் சூளை நடத்தும் அம்மாள் ஒருத்தி, தன் இரண்டு வயது வெள்ளைக் குட்டியை விலைக்கு வைத்திருந்தாள். மச்சானின் சட்டையையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு அங்கே போனார். பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார். கழுத்து குட்டை. முன்னங்கால் லேசாக உள்பக்கம் திரும்புகிறது.

“ஒண்ணு இருபது” என்றாள் சூளைக்காரி.

“வீட்டுல கேட்டுச் சொல்றேன்” என்று நழுவினார். எண்பதுக்கு மேல் ஒரு காசு தேறாது என்று அவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அடடா, இவ்வளவு சுலபமா!

வீட்டுக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றாமலே தன் குட்டியைப் பார்த்தார். கழுத்து குட்டை. முன்னங்கால் உள்பக்கம் திரும்புகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இவருடைய பொன் ஒரே நொடியில் பித்தளையாகிவிட்டது.

“அறுபது வந்தாலே கும்பிடு போட்டுக் குடுத்துடலாம்.”

“காலையில ஒண்ணரை லட்சம்னீங்க!” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை, குட்டியைப் பார்க்க என்று ஒரு ஆள் வந்து நின்றது. சாட்சாத் சூளைக்காரி! கண்ணாடி இல்லாத முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளும் பல்லைப் பார்த்தாள், குளம்பைத் தூக்கினாள். அந்த நேரம் வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“விலை சொல்லுங்க.”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“விக்கிறவர்தானே சொல்லணும்?”

அதற்குள் மனைவி கதவைத் திறந்து, “ஏங்க, எங்க அண்ணன் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கேக்குறார்” என்று அதை நீட்டினாள்.

சூளைக்காரி கண்ணாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு போனவர்தானே? கேட்டாச்சா?”

அவருக்குக் காது சிவந்தது. “நீங்க மட்டும்? உங்க குட்டியே அங்க விலைக்கு நிக்குது. இங்க எதுக்கு வந்தீங்க?”

“நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான்” என்று அவள் சிரித்துவிட்டாள். “சரி, மூடி மறைக்க வேணாம். என்னோடதுக்கு நீங்க ஒரு விலை சொல்லுங்க. உங்களோடதுக்கு நான் சொல்றேன்.”

“எண்பது.”

அவள் முகம் சுண்டியது. “உங்களோடது எண்பத்தஞ்சு” என்றவள், சற்று நின்று, “அந்த விலைக்கு நானே எடுத்துக்கிறேன்” என்றாள்.

“நீங்க வாங்க வரலையே!”

“வரலதான். இப்ப லாரி போச்சே, இது காதை மட்டும்தான் ஆட்டிச்சு. என்னோடது லாரியைக் கண்டாலே கயித்தை அறுக்கும். என் பொண்ணு ஏறிப் பழக இதுதான் சரி.”

குறைகளை எல்லாம் விரல்விட்டு எண்ணியவருக்கு இது ஒன்று தோன்றவே இல்லை. எண்பத்தைந்து என்பது விற்பவள் சொன்ன விலையா, வாங்குபவள் சொன்ன விலையா? லாரிக்கு முன்பே நினைத்ததா, பின்பா? மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். சரி என்று கிள்ளினாளா, வேண்டாம் என்றா? சரி என்றே எடுத்துக்கொண்டார்.

கயிற்றைக் கையில் கொடுத்தபின் வாய் சும்மா இருக்கவில்லை. “எவ்வளவு வரைக்கும் ஏறியிருப்பீங்க?”

“நீங்க எவ்வளவு வரைக்கும் இறங்கியிருப்பீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். “அறுபது” என்றார்.

“நான் ஒண்ணு பத்து” என்று சொல்லிவிட்டு, அவள் குட்டியை நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி கணக்குப் போட்டாள். “சரியா நடுவுல வித்திருக்கீங்க. அப்ப நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?”

“அதான் தெரியல” என்று அவர் காலி இடத்தைக் கூட்டப் போனார். கூட்டும்போது ஒருமுறை ஜெயித்தார், ஒருமுறை தோற்றார். மாலை வரை அப்படியே. பக்கத்தில் தாய்க்குதிரை குட்டியைத் தேடிக் கனைத்துக்கொண்டே இருந்தது. அதற்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.