பதினைந்து கையெழுத்து

“வாறன் அண்ணை, பாப்பம்” என்று ஒருவன் சொன்னால் அவன் வரமாட்டான். இருபத்திரண்டு வருசம் செயலாளராக இருந்து நான் கண்ட உண்மை அதுதான். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஐம்பத்துநாலு பேருக்குப் போன் எடுத்துவிட்டேன். நாற்பது பேர் “பாப்பம்.” ஒருவனுக்கு நாரி பிடித்து இடுப்பை நிமிர்த்த முடியவில்லையாம். இன்னொருவனை, ஞாயிற்றுக்கிழமை தகப்பன்மார் தினம் என்று பிள்ளைகள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். அந்தப் பிள்ளைகள் அவனோடு முகம் கொடுத்துக் கதைத்தே ஆறு மாதமாகிறது, ஊருக்கே தெரியும். வேறொருவன் என் குரலைக் கேட்டதும் பிரெஞ்சுக்காரனைப் போல ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நாய்.

இலந்தையடி மத்திய கல்லூரிப் பழைய மாணவர் சங்கம், மொன்றியல் கிளை. ஒரு காலத்தில் எங்கள் ஒன்றுகூடலுக்கு இருநூறு பேர் வந்தார்கள். கிரிக்கெட் நடந்தது, கொத்துரொட்டி நடந்தது, அடிபிடியும் நடந்தது. பிறகு பாதிப்பேர் ரொறன்ரோவுக்குப் போனார்கள், மிச்சப்பேர் டிவிக்கு முன்னால் போனார்கள். கிளையின் யாப்பில் ஒரு விதி இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பதினைந்து பேராவது வந்து கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு வருசம் தொடர்ந்து அது நடக்காவிட்டால் கிளை கலைந்து ரொறன்ரோக் கிளையோடு சேர்ந்துவிடும். போன வருசம் ஏழு பேர் வந்தோம். இந்த வருசக் கூட்டம் நாளை மறுநாள். நிச்சயம் வருவேன் என்று சொன்னவர்கள் நாலு பேர், என்னையும் சேர்த்து.

“கலைஞ்சால் கலையட்டுமேன் அப்பா” என்றாள் போனில் மகள் பிரஷாந்தினி. “ரொக்ஸ்பரோவுக்கு வந்து எங்களோட இருங்கோ. அந்த வீட்டுப் போனையும் வெட்டிவிடுங்கோ. இப்ப ஆர் வீட்டுப் போன் வைச்சிருக்கினம்?”

“உன்ர வேலையைப் பார்” என்று கத்திவிட்டு வைத்தேன். பாவம், அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

எங்கள் கல்லூரி வருசாவருசம் ஒரு மலர் வெளியிடும். அதன் கடைசிப் பக்கத்தில் வெளிநாட்டுக் கிளைகளின் பட்டியல் இருக்கும். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, மொன்றியல். மொன்றியலுக்கு நேரே ஆனந்தராசா என்ற என் பெயரும், சென்ட் லோரன்டில் நான் இருக்கும் வாடகை வீட்டின் போன் நம்பரும். 2009 மாசியில் ஒரு நாள் அந்தப் போன் அடித்தது. என் தம்பி குகராசா. வன்னிக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, யாரோ ஒருவரின் போனில் இரண்டு நிமிடம் கதைத்தான்.

“அண்ணை, உன்ர நம்பரும் துலைஞ்சுபோச்சு. இஞ்ச ஒரு வாத்தியாரிட்டைப் பள்ளிக்கூட மலர் கிடந்தது. அதைப் பாத்துத்தான் எடுக்கிறன். நம்பரை மட்டும் மாத்திப்போடாதை. நான் வெளியிலை வந்த உடனை எடுப்பன்.”

வைகாசியில் அவன் வெளியே வந்தான். விசாரணைக்கென்று ஆமி கூப்பிட்ட மற்றவர்களோடு ஒரு பஸ்ஸில் ஏறினான். ஏறியதை அவன் மனைவி நிரோஜா கண்டாள். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

பதினாறு வருசம். நான் வீடு மாறவில்லை, நம்பரை மாற்றவில்லை, அந்தப் போனை மூன்று தரத்துக்கு மேல் அடிக்க விட்டதில்லை. குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரத்தோடு ஓடிவருவேன். எடுத்தால், வீட்டுக் கம்பளம் கழுவ வேண்டுமா என்று ஒரு பெண் பிரெஞ்சில் கேட்பாள். நிரோஜா என்னோடு கைப்போனில்தான் கதைப்பாள். அவள் அங்கே வீதியோரத்துக் கொட்டில் ஒன்றில், அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன்னைப் போலக் காணாமல்போனவர்களைக் கேட்டுப் போராடும் பெண்களோடு இருக்கிறாள். பொட்டோடும் தாலியோடும்தான் இருக்கிறாள். குகன் இருக்கிறான் என்று உலகத்தில் இரண்டு பேர் நம்பினோம். அவள் ஒன்று, நான் ஒன்று.

கிளை போனால் மலரிலிருந்து நம்பர் போய்விடும். கல்லூரி அதிபரிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். கிளை இல்லாத ஊருக்கு மலரில் இடமில்லை என்றார். ரொறன்ரோச் செயலாளரிடம் கேட்டேன். “எங்கட நம்பர் இருக்குத்தானே, பேந்து உங்கட நம்பர் என்னத்துக்கு?” என்றார். ரொறன்ரோக்காரருக்கு எடுத்துத் தம்பி என்ன சொல்வான்?

வெள்ளி பின்னேரம் கிளைத் தலைவர் பேனாட் வந்தான். விமானப் பாகங்கள் செய்யும் பக்டரியில் வேலை முடித்து அப்படியே வந்திருந்தான். சின்ன வகுப்பிலிருந்து என் கூட்டாளி. பட்டியலைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

“மச்சான், போன மாசம் அந்தத் துரைசிங்கம் செத்தவீட்டுக்கு எத்தினை பேர் வந்தவை? ஆருக்கும் பிடிக்காத மனுசன். நூற்றிருபது பேர். எங்கட சனம் கூட்டத்துக்கு வராது. செத்தவீட்டுக்கு வரும்.”

“அதுக்கு இப்ப ஆரைக் கொல்லச் சொல்லுறாய்?”

அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “குகனுக்கு ஒரு அஞ்சலி வைப்பம். பதினாறு வருசம் மச்சான். அஞ்சலி முடிய அப்பிடியே பொதுக்கூட்டம்.”

நான் எழும்பிக் கதவைத் திறந்தேன். “வெளியிலை போடா” என்றேன். பேனாட் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு படியில் இறங்கிப் போனான். மேசையில் இருந்த பட்டியலில் நாலு பெயருக்கு நேரே சரி போட்டிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை இன்னும் இருபது பேருக்கு எடுத்தேன். ஒருவர் வருவதாகச் சொன்னார், மருமகன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தால். ஆறுபேர் போனையே எடுக்கவில்லை. பத்தரை மணிக்கு நானே பேனாட்டுக்கு அடித்தேன்.

“படம் போடக்கூடாது” என்றேன். “விளக்கு வேண்டாம். மாலை கண்டிப்பாய் வேண்டாம். இரண்டு நிமிசம் எழும்பி நிண்டால் காணும். வேறை ஒண்டும் இல்லை.”

“படம் இல்லாமல் என்ன அஞ்சலி? வட்ஸ்அப்பிலை போடவும் ஒரு படம் வேணும். பனர் அடிக்கிற பெடியன் கேக்கிறான், தோற்றம் எப்ப, மறைவு எப்ப எண்டு. பதினொரு மணிக்கு முதல் குடுக்காட்டில் அடிக்க ஏலாதாம்.”

தோற்றம் சொன்னேன். மறைவுக்கு என்ன சொல்வது? பஸ்ஸில் ஏறிய நாளைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு அவன் உயிரோடு ஏறினான், நிரோஜா கண்டவள். சுவரில் தமிழ்க்கடைக் கலண்டர் தொங்கியது. அன்றைய தாள் ஆனி பதினாலு. “ஆனி பதினாலு” என்றேன். “ரெண்டாயிரத்து ஒன்பது.”

வைத்துவிட்டுத் திரும்ப, என் மனைவி புஷ்பராணி குசினி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நிரோஜாவிட்டைச் சொன்னீங்களோ?”

“அவளுக்கென்னத்துக்கு? இது எங்களுக்குள்ளை.”

“எங்களுக்குள்ளையோ? எங்கட சனத்துக்கு உள்ளுக்கு வெளியிலை எண்டு ஒண்டு இருக்கோ? இஞ்ச ஒருத்தி தும்மினால் லண்டனிலை இருந்து சுகம் கேக்கினம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இஞ்சாருங்கோ, வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இப்பவே எடுத்துச் சொல்லுங்கோ.”

“கூட்டம் முடியட்டும். பேந்து நானே சொல்லுறன்.”

பேந்து. நாற்பது பேரைத் திட்டிய நான் சொன்ன “பாப்பம்” அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. கார்ட்டியர்வில்லில் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபம். பேனாட் வாசலில் வரவுப் புத்தகத்தோடு மேசை போட்டு இருந்தான். இரண்டே முக்காலுக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாரி பிடித்தவன் நிமிர்ந்து நடந்து வந்தான். தகப்பன்மார் தினக்காரன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். பிரெஞ்சுக்காரன் என்னைக் கட்டிப்பிடித்து, “மச்சான், மனசைத் தேற்று” என்று நல்ல யாழ்ப்பாணத் தமிழில் அழுதான். பெண்கள் வடையும் றோல்சும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் குனிந்து கையெழுத்துப் போடுவதை நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினைந்தாவது கையெழுத்து விழுந்தபோது பேனாட் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் மூச்சு விட்டேன். கடைசியில் நாற்பத்துமூன்று.

மேடையில் குகனின் படம். பதினெட்டு வயதில் கிரிக்கெட் அணியோடு எடுத்த படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. வேண்டாம் என்று நான் சொன்ன மாலையை யாரோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள். குத்துவிளக்கும் வந்திருந்தது. மாலையைக் கழற்றப் போனேன். புஷ்பராணி என் கையைப் பிடித்தாள். “இவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்னெண்டு சொல்லப்போறியள்?” என்று காதுக்குள் கேட்டாள். நெருப்புப்பெட்டியை என் கையில் தந்தார்கள். கொளுத்தினேன்.

ஒருவன் எழும்பி, தான் சொன்ன பொய்க்குக் குகன் எட்டாம் வகுப்பில் அடி வாங்கிய கதையைச் சொன்னான். இன்னொருவன், செல்லடிக்குள் தன் தாயைச் சைக்கிளில் வைத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது குகன்தான் என்றான். எனக்குக்கூடத் தெரியாத கதை அது. பதினாறு வருசமாக என் முன்னால் ஒருவரும் அவன் பெயரை எடுத்ததில்லை. என் முகத்துக்குப் பயந்திருக்கிறார்கள். நான் அழுதேன். சபைக்கு முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி, விம்மி விம்மி அழுதேன். அழ நெஞ்சு இலேசாகிப் போனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு பொதுக்கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. கிளை நிலைத்தது. செயலாளராக என்னையே திரும்பவும் தெரிவு செய்தார்கள், கைதட்டி.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கைப்போனைத் திறந்தேன். பனரின் படம் லண்டன் குழுவில் இருந்தது, பாரிஸ் குழுவில் இருந்தது, ஊர்க் குழுவில் இருந்தது. அதிபர் கல்லூரியின் பெயரில் அனுதாபச் செய்தி போட்டிருந்தார். அடுத்த மலரில் குகனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்களாம். கீழே, நிரோஜாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தாவது வந்தது. நான் கைப்போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஐயோ கடவுளே, ஒரு மணித்தியாலம் தந்தால் என்ன சொல்வதென்று யோசித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அப்போது வீட்டுப் போன் அடித்தது. ஒரு தரம். இரண்டு தரம்.

மூன்றாவது தரம் அடிக்க முன்னம் எடுத்துவிட்டேன். அந்தப் போனை எடுக்காமல் விட என் கைக்குத் தெரியாது.

“அத்தான்.”

“நிரோஜா.”

“நீங்கள் மற்றதை எடுக்கேல்லை. மலரிலை பாத்து இந்த நம்பருக்கு எடுக்கிறன்.” அவள் அழவில்லை. அழுது முடித்த குரல். “படம் பாத்தன் அத்தான். உங்களுக்கு எப்ப தெரியும்?”

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ஆனி பதினாலு எண்டு போட்டிருக்கு. நான் எத்தினை கந்தோர் ஏறி இறங்கினனான். ஒருத்தரும் எனக்கு ஒரு திகதி தரேல்லை. உங்களுக்கு ஆர் தந்தது? வைகாசியிலை ஏத்தினவை. அப்ப ஒரு மாசம் உயிரோட இருந்திருக்கிறார், என்ன? அந்த ஒரு மாசம் எங்கை வைச்சிருந்தவையாம்? சாப்பாடு குடுத்தவையாமோ?”

“நிரோஜா, கேள்…”

“நான் கோவிக்கேல்லை அத்தான். எனக்குத் தாங்கேலாது எண்டுதானே சொல்லாமல் இருந்தனீங்கள். அங்கை கொட்டிலுக்குப் போய் அவையிட்டைச் சொல்லிப்போட்டு வந்திட்டன், எனக்கு முடிவு தெரிஞ்சிட்டுது, இனி நான் வரமாட்டன் எண்டு. படத்தையும் வீட்டை கொண்டு வந்திட்டன். வந்து முகத்தைக் கழுவிப் பொட்டை அழிச்சுப்போட்டன். தாலியைக் கழட்ட அக்கா நிக்கிறா. அதுக்கு முன்னம் உங்களிட்டை ஒருக்காக் கேப்பம் எண்டுதான் எடுத்தனான். ஆர் சொன்னது அத்தான்? உடம்பைக் கண்டவையோ?”

“பொட்டை வை பிள்ளை” என்றேன். திரும்பவும் சொன்னேன். “பொட்டை வை. கழட்டாதை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அந்தத் திகதி நான் போட்டது.”

“நீங்களோ? என்னத்தைப் பாத்து?”

“கலண்டரைப் பாத்து.”

அந்தப் பக்கத்தில் யாரோ, அவளுடைய அக்காவாக இருக்கவேண்டும், என்னவாம் என்று கேட்டது எனக்குக் கேட்டது.

“ஏன் அத்தான்?”

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. மலர், நம்பர், கிளை, ரொறன்ரோ, தம்பி சொன்ன சொல். இவ்வளவையும் அவனுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்.

“பதினைஞ்சு பேர் தேவைப்பட்டது, நிரோஜா.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

புஷ்பராணி பக்கத்தில் வந்து நின்றாள். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு, இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் வேறு யாரும் எடுத்தால் கிடைக்காதே என்று நினைவு வந்தது. ரிசீவரைக் கவனமாக அதன் இடத்தில் வைத்தேன். சரியாக வைபட்டதா என்று ஒருதரம் அமத்தியும் பார்த்தேன்.