ஏறாத வட்டி

எதிர் வீட்டில் புது வாஷிங் மெஷின் வந்து இறங்கிய அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. யாரோ தைக்கக் கொடுத்த பேன்ட்டின் கீழ்மடிப்பைத் தைத்து முடித்துப் பார்த்தால் ஒரு கால் குட்டை. பிரித்துத் தைத்தேன். எதிர் வீடு என்றால் யாரோ எவரோ இல்லை, என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி மனைவி. ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு. அவள் என்னை வாய் நிறைய 'அக்கா' என்பாள். நான் அவளைச் சின்னவள் என்பேன்.

கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் அது. உள்ளே துணி சுற்றுவதை மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "சத்தமே வரலை பாரேன்" என்று என்னிடமே வந்து சொன்னார். என் பழைய வாஷிங் மெஷின் ஓடினால் மாடியே அதிரும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த வாரமே கடைக்குப் போய், அவளுடையதைவிடப் பெரியதாக, துணியைக் காய வைத்தும் தருகிற மெஷினாகப் பார்த்து வாங்கினேன். கிரெடிட் கார்டில்தான். அவளும் அதே வங்கிக் கார்டில்தான் வாங்கியிருந்தாள். வட்டி குறைவு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டினார். பிறகு அவள் சோபா வாங்கினாள். நானும் வாங்கினேன். மாமியார் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுவும் பரவாயில்லை" என்றார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோபாவையெல்லாம் விட எனக்கு வேறோர் ஆசை இருந்தது. எங்கள் கட்டடத்தின் கீழே, தெருவைப் பார்த்தபடி ஓர் அறை காலியாக இருந்தது. படுக்கையறை மூலையில் கட்டிலில் இடித்துக்கொண்டு தைப்பதை விட்டுவிட்டு, அங்கே போய் உட்கார வேண்டும். வாசலில் பலகை மாட்ட வேண்டும். அட்வான்சுக்குப் பணம் சேர்த்து வந்தேன். மழைக்காலம் முடியும்வரை பொறுப்பதாகக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரு நாள் சின்னவள் போனும் கையுமாக வந்தாள். டயர் கடையில் கணக்கு எழுதுகிறவள். எதையும் கடைசி எழுத்துவரை படிப்பாள்.

"அக்கா, பேங்க்ல இருந்து வந்த மெசேஜைப் பாத்தீங்களா? அடுத்த மாசத்துல இருந்து வட்டியை ஏத்தறாங்க. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

"அவங்க எதையாவது அனுப்பிக்கிட்டேதான் இருப்பாங்க. எவ படிக்கிறா?"

"இல்லக்கா, இந்த மாசக் கடைசிக்குள்ள போன் பண்ணி, புது வட்டி வேணாம்னு சொல்லிடலாம். பழைய பாக்கிக்குப் பழைய வட்டியே இருக்கும். கார்டை மட்டும் மூடிடுவாங்க."

கார்டை மூடிவிடுவார்கள். அது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஓகோ, கதை அப்படிப் போகிறதா! என் சோபா அவள் கண்ணை உறுத்துகிறது. என் கார்டை மூட வைத்துவிட்டு, அடுத்து ஒரு பெரிய டிவி வாங்கி மாமியாரை அதன் முன்னால் உட்கார வைக்கப் போகிறாள்.

"நீ மூடிட்டியா?"

"நாளைக்குப் பண்ணணும்க்கா."

நாளைக்காம்! "எனக்கு எல்லாம் தெரியும். நீ உன் வேலையைப் பாரு" என்றேன். முகம் வாடிப் போனாள். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

போன் செய்யவில்லை. அவள் முந்திக்கொள்வதற்குள் நானே டிவி வாங்கிவிட்டேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது கூத்து. எவ்வளவு கட்டினாலும் பாக்கி அசையவில்லை. கட்டியதையெல்லாம் வட்டியே விழுங்கியது. அட்வான்ஸ் பணத்தில் ஒரு முறை கை வைத்தேன். கை வைத்த பிறகு நிறுத்தவா முடியும்? வங்கிக்குப் போன் செய்தால், "நாள் முடிஞ்சு போச்சு மேடம்" என்று தேன் ஒழுகப் பேசினார்கள். மழை விட்டபோது அட்வான்ஸ் பணம் கரைந்து போயிருந்தது. வீட்டுக்காரர் ஒரு சலூன்காரரை அழைத்து வந்து கீழ் அறையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மனசு கேட்காமல் எதிர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டிவி ஒன்றும் புதிதாக இல்லை.

"டிவி வாங்கலையா?"

"கார்டைத்தான் மூடிட்டேனேக்கா. பாக்கிகூடப் போன வாரம் முடிஞ்சுது."

நன்றாகத் தூங்கி எழுந்தவள் முகம் அவளுக்கு. ஒருத்தியிடம் இல்லாத கார்டைப் பார்த்து வயிறெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரூமை விட்டுடாதீங்கக்கா. அட்வான்ஸ் நான் தர்றேன். மெதுவாத் திருப்பிக் குடுங்க. வட்டியெல்லாம் வேணாம்."

சுருக்கென்றது. நான் அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொடுக்கிற இடத்தில் அவள், வாங்குகிற இடத்தில் நான். அதற்கும் மேலே வட்டி வேண்டாம் என்கிற பெருந்தன்மை வேறு! ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வாசல்வரை போய்விட்டேன். "கண்ணாடியை இந்தச் சுவர்ல மாட்டிக்கலாம்" என்று சலூன்காரர் சொல்வது படிக்கட்டில் கேட்டது. அது என் பீரோ வைக்க நினைத்திருந்த சுவர்.

திரும்பி வந்தேன்.

"வட்டி இல்லாம உன்கிட்ட ஒரு காசு தொட மாட்டேன்!" என்று கத்தினேன். "பேங்க் என்ன வாங்குதோ அதையே நீயும் வாங்கு."

"ஐயோ, அது அநியாயம்க்கா." கணக்கு எழுதுகிறவள் அல்லவா, கொஞ்சம் யோசித்தாள். "சரி, அவங்களோட பழைய வட்டியைப் போட்டுக்கறேன். ஆனா ஏத்த மாட்டேன்."

உள்ளறையில் மாமியார் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஓடிப் போய் வீட்டுக்காரரைப் பிடித்தேன். அறை கிடைத்துவிட்டது.

பலகையும் மாட்டியாயிற்று. சின்னவளுக்கு மாதாமாதம் வட்டியோடு கொடுத்து வருகிறேன். ஆனாலும் 'ஏத்த மாட்டேன்' என்று அப்படி ஒரு பதில் என் வாயில் வராமல் அவள் வாயில் வந்ததே என்று, இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் எரிகிறது.