நாற்பத்தொரு வீடுகள்

அந்த ஊர் உருவானதே ஆற்றால்தான். மேலே காட்டில் வெட்டிய மரங்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இங்கே ஆறு வளையும் இடத்தில் மறித்துக் கரையேற்றினார்கள். கரையேற்றியவர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பிறகு மர அறுவை ஆலை வந்தது, கடைத்தெரு வந்தது, நகராட்சி வந்தது. கடைசியில் ஆற்றங்கரைப் பூங்கா வந்தது. பூங்காவுக்கு முப்பது வயது நிறைந்தபோது அதன் வாசலில் ஒரு வரலாற்றுப் பலகை வைக்க நகராட்சித் தலைவர் முடிவு செய்தார். எழுதும் வேலையை, ஊர் நூலகத்தில் நூலகராக இருந்த தன் தங்கையிடம் கொடுத்தார்.

"நம்ம அப்பா போட்ட பூங்கா. நாலு வரி நல்லதா எழுது, போதும்."

நாலு வரிதானே என்றுதான் அவளும் நூலகத்துப் பின்னறையில் இருந்த பழைய நகராட்சிக் கூட்டக் குறிப்பேடுகளை எடுத்தாள். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் கிடைத்தது. வெள்ளம் வந்த வருடம். இப்போது பூங்கா இருக்கும் இடத்தில் குடியிருந்த கரையோரத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். நான்காம் நாளே தண்ணீர் வடிந்துவிட்டது. மூன்று வீடுகள்தான் சேதம் என்று பொறியாளர் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் தீர்மானம்: நாற்பத்தொரு வீடுகளும் ஆபத்தானவை, உடனே இடிக்கவும். கீழே வீட்டுக்காரர்களின் பட்டியல். அதற்கும் கீழே, அப்போது தலைவராக இருந்த அப்பாவின் கையெழுத்து. அவளுடைய மதிப்பெண் அட்டைகளில் இருந்த அதே சாய்ந்த கையெழுத்து.

மறுநாள் பூங்காவுக்குப் போனாள். அங்கே வேலி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் அந்தக் கரையில் பிறந்தவர் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்க வீடு எந்த இடத்துல இருந்துச்சுன்னு காட்டுறீங்களா?"

கத்தரி நிற்கவில்லை. "எதுக்கு?"

"பலகையில எழுதணும்."

"இருபது வருஷமா இங்கதான் புல்லு வெட்டுறேன். இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா? உங்கப்பன் இடிச்சான், உங்கண்ணன் பலகை வைக்கிறான், நீங்க கதை எழுத வந்துட்டீங்க. மொத்தக் குடும்பத்துக்கும் ஏறி நிக்க எங்க முதுகுதான் கெடச்சுதா?"

வெட்டிய கிளைகள் அவள் செருப்பின் மேல் விழுந்தன. தள்ளி நிற்கும்படி அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தான் எழுதியதைக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"செத்துப்போன மனுஷன் தலையில மண்ணள்ளிப் போடுறியே, உனக்கு என்ன பைத்தியமா?"

"நான் போடலண்ணா. அவரே கையெழுத்து போட்டு வச்சிருக்கார்."

"அந்தக் கையெழுத்துலதான் நீ படிச்ச, உன் கல்யாணம் நடந்துச்சு," என்றாள் அண்ணி, குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமலே. "அப்பல்லாம் இனிச்சுது. இப்ப மட்டும் கசக்குதா?"

அண்ணன் தாளை நாலாகக் கிழித்தார்.

"பலகை வரும். நீ உன் வேலையைப் பாரு."

பலகை வந்தது. திறப்பு விழா அன்று காலை ஊரே கூடியிருந்தது. திரையை இழுத்தார்கள். 'தரிசாகக் கிடந்த ஆற்றங்கரையை' என்று தொடங்கி, அப்பாவின் புகழ் பன்னிரண்டு வரிக்கு ஓடியது. அடியில் 'எழுதியவர்' என்று அவள் பெயர்.

கைதட்டல் ஓயும் முன்பே அவள் கருவிக் கொட்டகைக்குப் போய், வேலிக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்ட்டையும் பிரஷையும் எடுத்துவந்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தன் பெயரின் மேல் அழுத்திப் பூசினாள். அண்ணன் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை எடு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்னுதான் பூசுறேன்."

அவருடைய வெள்ளைச் சட்டையில் பச்சை ஒட்டியது. அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்: "இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிச்சுடாத."

டப்பாவைத் திருப்பி வைக்கப் போனபோது கொட்டகையில் தோட்டக்காரர் நின்றிருந்தார். அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று, வெட்கமாக இருந்தாலும், அவள் எதிர்பார்க்கத்தான் செய்தாள்.

"உங்க பேரை மட்டும் காப்பாத்திக்கிட்டீங்க. மேல இருக்குற பொய் அப்படியேதானே இருக்கு?" டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "பெயிண்ட்டும் வீணாப்போச்சு."

வீடு வரைக்கும் அந்தப் பேச்சு அவளைக் குத்திக்கொண்டே வந்தது. மறுநாள் வீட்டுக்காரர்களின் அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி, பொறியாளர் குறிப்பையும் தீர்மானத்தையும் சேர்த்து, நூலக வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். மத்தியானமே நகராட்சி ஆள் வந்து கிழித்தான். மறுபடி ஒட்டினாள். மறுபடி கிழித்தான். மூன்றாம் முறை நூலகத்துக்குள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அந்த வாரமே இடமாற்ற உத்தரவு வந்தது. மாதக் கடைசி வரைதான் அவளுக்கு அங்கே வேலை.

இரண்டு நாள் கழித்துத் தோட்டக்காரர் வந்தார். சேற்றுக் காலோடு கண்ணாடி முன்னால் நின்று, விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"இதைத் திறங்க."

திறந்தாள்.

"எங்கம்மா பேரை இப்படியா எழுதுறது? நடுவுல ஒரு எழுத்தையே முழுங்கியிருக்கீங்க."

"நோட்டுல அப்படித்தான் இருந்துச்சு."

"நோட்டு எழுதினவனுக்கு எங்கம்மாவைத் தெரியுமா?"

அவள் மேசையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்து, விட்டுப்போன எழுத்தைச் சேர்த்தார். கீழே இன்னும் இரண்டு பெயர்களைத் திருத்தினார். பேனாவை மேசையில் போட்டார்.

"பூட்டுங்க," என்றார். அவள் பூட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.