முட்டை கரையுமுன்

விடியும்போதே மலம் அடைத்த டப்பாக்கள் வந்து இறங்கிவிடும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் வேலை செய்யும் பெண்களுக்கான மருத்துவ முகாமிலிருந்து வருபவை. திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்குப் பின்னாலிருந்த அந்தத் தனியார் லேபில் எழிலன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளில் மலத்தைத் தடவி, கிளிசரினில் ஊறிய தாளை மேலே ஒட்டி மேசை நெடுக அடுக்குவான். அமராவதி கண்ணாடி கழுவுவாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்த ஜான்சிக்கு இடுப்பு விட்டுப்போகும்.

முன்பெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஜான்சியோடு வேறு ஆட்களும் இருந்தார்கள். முதலாளி தட்சிணாமூர்த்தி அவர்களை வீட்டுக்கு அனுப்பியபின், மொத்தத்தையும் தடவி முடித்துவிட்டுப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறிக் குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் முட்டை அதுவரை காத்திருக்குமா? கொஞ்ச நேரம் போனால் கிளிசரினில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தெரிந்தேதான் மூவரும் இந்தப் பாழாய்ப்போன வேலையைச் செய்தார்கள்.

அமராவதியின் மருமகள் கயல்விழியும் தோப்புக்கு வெறுங்காலோடு போய்வந்தவள். மாசமாக இருந்தபோது அவள் டப்பாவும் இங்கே வந்தது. புழு இல்லையென்று ஜான்சிதான் எழுதினாள். உடம்பில் ரத்தமில்லாமல் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள் அந்தப் பெண். காரணம் கொக்கிப்புழு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

காரியம் முடிந்து அமராவதி வேலைக்கு வந்த காலையில் ஜான்சியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நேரத்தோட பாக்காம எழுதிட்டேன்க்கா" என்று அழுதாள்.

"அவகூட வேல செஞ்ச பொண்ணுங்க டப்பா இன்னிக்கி வந்துருக்கு. அதையாவது நேரத்தோட பாரு" என்றாள் அமராவதி.

எழிலன் ஒரே ஒரு கண்ணாடியைத் தடவி ஜான்சியிடம் நீட்டினான். அப்போது முதலாளி உள்ளே வந்தார்.

"இன்னாப்பா, மேச காலியா கெடக்குது?"

"பாத்துட்டுதான் சார் அடுத்தத தடவுவோம்" என்றான் எழிலன்.

"இப்பிடிப் பாத்தா எப்ப முடியறது? சாயங்காலம் ரிப்போர்ட் போவணும்."

"நிறுத்துனவங்களக் கூப்புடுங்க. முட்ட கரையறது உங்களுக்குந் தெரியும் சார்" என்றாள் ஜான்சி.

"தெரியும். அதுக்காவ லேப இழுத்து மூடவா? முடியலன்னா சொல்லுங்க, நாளைக்கே வேற ஆளு வரும்."

"வர்றவங்ககிட்டயும் இதையேதான் சொல்லுவோம். வாசல்ல நின்னாவது சொல்லுவோம்" என்றான் எழிலன்.

முதலாளி அமராவதியைப் பார்த்தார். "நீயாவது எடுத்துச் சொல்லும்மா."

"எங்க வூட்டுல போனது போதும் சார்."

அவர் தம் அறைக்குப் போய் யாருக்கோ போன் போட்டார். வேறு ஆள் கேட்கும் குரல் வெளியே வரை கேட்டது. ஜான்சி குனிந்தாள். மெல்லிய ஓட்டோடு முட்டைகள் தெளிவாகத் தெரிந்தன.

"இருக்குதுக்கா" என்றாள்.

அமராவதி ஈரக்கையோடு அருகில் வந்தாள். "யாரு?"

"பட்டம்மாள்னு போட்டுருக்கு."

"மருந்து குடுத்தா பொழைச்சிக்குமில்ல?"

"பொழைச்சிக்கும்க்கா."

எழிலன் அடுத்த டப்பாவைத் திறந்தான்.