எராஸ்மோ பிரித்த விறகு

அடுப்பு சீறியதே தவிர எரியவில்லை. விறகின் வெட்டுவாயில் நுரை கட்டித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான்காவது தடவையாகப் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தேன். புகை என் முகத்துக்கே திரும்பி வந்தது. ஜூலை மாதம், பூமியின் தென்கோடியில் எங்களுக்கு நடுக்குளிர்காலம், குழாய்த் தண்ணீர் உறைந்து மூன்று நாளாகிறது, பிறந்து பதினெட்டே நாளான பேரன் உள்ளறையில் தும்முகிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டை என் பார்வையிலேயே பற்றியிருக்க வேண்டும்.

மகள் யாஸ்னா பிள்ளையைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

“போதும்மா. மத்தியானம் அவரு வண்டி எடுத்துட்டு வராரு. அதுக்குள்ள வீடு சூடாகலன்னா நான் அத்தை வீட்டுக்கே போயிடறேன். அங்க கேஸ் அடுப்பு. பட்டனத் திருகுனா சூடு.”

சம்பந்தியம்மாள் இதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள். குளிர்காலம் முழுக்க என்னோடு இருப்பதாகச் சொல்லி வந்தவள் யாஸ்னா. இப்போது போனால் அவ்வளவுதான். பனி விழுந்து மலைப்பாதை அடைத்துக்கொண்டால் செப்டம்பர் வரை நான் பேரன் முகத்தைப் பார்க்க முடியாது.

கொட்டகைக்கு ஓடினேன். எங்கள் பள்ளத்தாக்கில் விறகை விலைக்கு வாங்குகிறவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவன் அந்தப் பக்கம் போன பிறகு சொல்வார்கள். என் வீட்டுக்காரர் எராஸ்மோ முப்பத்தைந்து வருஷமாகத் தன் கையால் லெங்கா மரம் அறுத்து எங்களைக் குளிர்காய வைத்தவர். காய்ந்ததா, ஈரமா என்று அவர் வெடிப்பைப் பார்க்க மாட்டார், எடையும் பார்க்க மாட்டார். இரண்டு துண்டுகளை மோதிப் பார்ப்பார். காய்ந்தது கணீரென்று சொல்லும். ஈரமானது தொப்பென்று கேட்கும். மார்ச்சில் அப்படித்தான் தட்டித் தட்டி, இந்த வருஷத்துக்கு இது, அடுத்த வருஷத்துக்கு அது என்று தானே பிரித்து அடுக்கினார். கொட்டகை அவர் ராஜ்யம் என்பதால் நான் தலையிடவில்லை.

“ஏங்க! விறகு எரியுதா, அழுவுதா? வந்து பாருங்க!”

விறகடுக்கின் முன் முதுகைக் காட்டி நின்றவர் திரும்பவே இல்லை. இந்தத் திமிர்தான் எனக்கு ஆகாது. போய்த் தோளைப் பிடித்துத் திருப்பி இன்னொரு முறை கத்தினேன்.

“நல்லாக் காஞ்ச வெறகுடி. உனக்குத்தான் பத்தவைக்கத் தெரியல” என்று இரண்டு துண்டுகளை எடுத்து மோதினார். தொப்.

“கேட்டியா? மணி மாதிரி!”

வாயில் வந்த வசவு அப்படியே நின்றுவிட்டது. அவர் கட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கியதும், “இது வேணா கொஞ்சம் ஈரம்” என்று அவசரமாக ஓரத்தில் போட்டார்.

கிட்டே போய் அவர் காதருகில் கேட்டேன். “எத்தன நாளா?”

“ரெண்டு வருஷமிருக்கும். வலது காது சுத்தமா இல்ல. இந்த வருஷம் இடதுலயும் எப்பவும் ரம்பம் ஓடற மாதிரி சத்தம்.”

“சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?”

“சொன்னா ரம்பத்தப் புடுங்கி உன் தம்பிகிட்ட குடுத்துடுவ. மரம் முறியற சத்தம் கேக்காதவன காட்டுக்கு விடுவியா நீ?”

விட மாட்டேன்தான். அது உண்மை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டு வருஷமாக இந்த மனுஷனைத் திமிர் பிடித்தவர் என்று ஏசியிருக்கிறேன். அழுகை வந்தது. அதற்கும் நேரமில்லை.

“தள்ளுங்க” என்று துண்டுகளை வாங்கி நானே மோதினேன். ஈரம் என்றால் தலையை ஆட்டினேன், அவர் வீசினார். பின்வரிசையிலிருந்து உருவிய ஒன்று கணீரென்றது. கண்ணைக் காட்டினேன். அதை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டார். இப்படி ஐந்து தேறின. வீடு சூடாக இன்னும் இருபது துண்டாவது வேண்டும்.

வாசலில் மாப்பிள்ளையின் வண்டி ஹாரன் அடித்தது. இரண்டு முறை. பிறகு நீளமாக ஒன்று. யாஸ்னா கதவைத் திறக்கும் சத்தமும் கேட்டது.

அவர் காதில் எதுவும் விழவில்லை. அடுத்த இரண்டு துண்டுகளை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.